பெருங்கெண்டைக்கு ஏற்ற வில்

காட்டுக்கு நடுவில் ஒரு மடு. மடுவின் கரையில் ஒரு பாறைப் பொந்து. அந்தப் பொந்தில் ஓடைச்சி என்ற நீர்நாய் தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்தாள்.

மழைக்கால வெள்ளத்தில் உருண்டு வந்த கல் ஒன்று அவள் பின்னங்காலை நசுக்கிவிட்டது. காயம் ஆறியது. கால் மட்டும் பழையபடி வரவில்லை. தண்ணீரில் இறங்கினால் ஒரு பக்கமாகவே சுற்றினாள். மூழ்கவும் முடியவில்லை, மீனை விரட்டவும் முடியவில்லை.

கரையோரத்து நண்டுகளைப் பிடித்துக் குட்டிகளுக்குக் கொடுத்தாள். நண்டுகள் தீர்ந்தன. தவளைகளைப் பிடித்தாள். கொஞ்ச நாளில் தவளைகளும் உஷாராகிவிட்டன. குட்டிகள் இன்னும் மூழ்கக் கற்கவில்லை. பசியில் ஒன்றின் வாலை மற்றொன்று சப்பிக்கொண்டு கிடந்தன.

மடுவில் மீனுக்குப் பஞ்சமில்லை. வெயில் ஏறியதும் கெண்டைகள் கரையோரம் வரும். ஆழமில்லாத தண்ணீரில் சேற்றைக் கிண்டிப் புழு தின்னும். அவற்றில் ஒன்று ஓடைச்சியைவிடக் கனமானது. அந்தப் பெருங்கெண்டை ஒன்று கிடைத்தால் போதும், குட்டிகள் பிழைத்துவிடும்.

ஒரு நாள் காலை செவலையன் என்ற நரி அந்தப் பக்கம் வந்தான்.

"என்ன மதினி, வயிறு முதுகோடு ஒட்டிப் போச்சே! பிள்ளைகள் சௌக்கியமா?"

"நீ கேட்கும்போதுதான் பயமாக இருக்கிறது கொழுந்தனாரே!" என்றாள் ஓடைச்சி.

செவலையன் சிரித்தான். கண் மட்டும் பொந்துப் பக்கம் போய்த் திரும்பியது.

"நீந்த முடியாவிட்டால் என்ன? கரையில் உட்கார்ந்தே மீன் பிடிக்கலாம். வில் வேண்டும், அம்பு வேண்டும், அம்பில் கட்டக் கயிறு வேண்டும். எல்லாம் நான் தருகிறேன். பிடிக்கிற மீனின் தலை எனக்கு!"

ஓடைச்சி காதை நிமிர்த்தினாள். வில் என்பதை அவள் பார்த்ததே இல்லை.

"வில் என்றால் என்ன? எங்கே, காட்டு!"

செவலையன் புதருக்குள் போய் ஒரு பெரிய மூங்கில் வில்லை இழுத்து வந்தான். வேடன் ஒருவன் காட்டில் விட்டுப் போனது அது. ஓடைச்சியைப் போல இரண்டு மடங்கு நீளம்.

"இதில் விட்ட அம்பு காட்டுப்பன்றியின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வரும்!" என்றான்.

ஓடைச்சி வில்லை முகர்ந்து பார்த்தாள். நாணைப் பல்லால் சுண்டிப் பார்த்தாள். அது 'டொய்ங்' என்றது. அவளுக்கு அந்தச் சத்தம் பிடித்துப் போயிற்று. இன்னொரு தடவை சுண்டினாள். பிறகு பாறையில் சாய்ந்துகொண்டு இரண்டு கையாலும் நாணை இழுத்தாள். பாதிகூட வரவில்லை. பல்லைக் கடித்து இழுத்தாள். கொஞ்சம் வந்தது. ஆனால் அப்படியே பிடித்து வைத்திருக்க முடியவில்லை. கை நடுங்கியது.

"இழுத்து வைத்துக் காத்திருக்க முடியவில்லையே. மீன் எப்போது தலை காட்டும் என்று யாருக்குத் தெரியும்?"

"இழு மதினி, இழு! பலம் தானாக வரும்!"

"பலம் வருவதற்குள் என் குட்டிகள் போய்விடும்" என்று சொல்லிவிட்டு ஓடைச்சி நொண்டிக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனாள். ஒரு விளாரைக் கடித்து எடுத்தாள். வளைத்துப் பார்த்தாள், ஒடியவில்லை. இரண்டு முனையிலும் கற்றாழை நாரைக் கட்டினாள். இழுத்தாள். சுலபமாக வந்தது. கை நடுங்காமல் நின்றது.

செவலையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"இது என்ன, கொசு அடிக்கவா? பெருங்கெண்டைக்கு முதுகு சொறிந்துவிட்ட மாதிரி இருக்கும்!"

"மீன் காட்டுப்பன்றி இல்லையே! அதுவும் என் மூக்குக்கு நேரே மேய்கிறது" என்றாள் ஓடைச்சி.

அம்புக்காகச் செவலையன் அவளை முள்ளம்பன்றியிடம் அழைத்துப் போனான். அவர் பெயர் முள்ளாண்டி. கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"என் முள்ளா? தாராளமாக! எங்கள் வம்சத்து முள் வழவழவென்று இருக்கும். தடவிப் பார், தடவிப் பார்!" என்று முதுகைச் சிலுப்பினார். நீளமான முட்கள் பொலபொலவென்று உதிர்ந்தன.

வெயில் ஏறியது. பெருங்கெண்டை கரையோரம் வந்தது. ஓடைச்சி பாறைமேல் உட்கார்ந்து நாணை இழுத்தாள். மீனின் முதுகைக் குறி பார்த்தாள். விட்டாள்.

அம்பு தண்ணீருக்குள் போயிற்று. மீன் அசையக்கூட இல்லை.

இன்னொரு அம்பு விட்டாள். அதுவும் வீண்.

பெருங்கெண்டை வாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டியது.

"அங்கே யாரை அம்மா அடிக்கிறாய்? நான் இங்கே அல்லவா இருக்கிறேன்!"

மற்றக் கெண்டைகள் வாலைத் தட்டிச் சிரித்தன. செவலையனும் அவற்றோடு சேர்ந்துகொண்டான்.

ஓடைச்சிக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறந்ததிலிருந்து மீனோடு வாழ்ந்தவள் அவள். கலங்கிய தண்ணீரிலும் அவள் வாய்க்கு ஒரு மீன் தப்பியதில்லை. இன்றைக்கு மட்டும் ஏன்?

யோசித்துக்கொண்டே பக்கத்தில் இருந்த நாணல் ஒன்றை ஒடித்துத் தண்ணீரில் விட்டாள். நாணல் தண்ணீர் மட்டத்தில் முறிந்து தெரிந்தது. வெளியே எடுத்தாள். நேராக இருந்தது. மறுபடியும் விட்டாள். முறிந்தது. எடுத்தாள், நேரானது.

"ஐயோ! இது என்ன கூத்து?"

"என்ன மதினி, குச்சியோடு விளையாட்டு? பிள்ளைகள் அங்கே பசியில் கிடக்கின்றன!" என்றான் செவலையன்.

அவள் காதில் அது விழவில்லை. தண்ணீருக்குள் ஒரு வெள்ளைக் கல் கிடந்தது. நாணலின் நுனியால் அதைத் தொடப் போனாள். நுனி கல்லுக்கு மேலே வெறும் தண்ணீரில் நின்றது. கல் இன்னும் கீழே இருந்தது. குனிந்து இன்னும் தாழ்த்தினாள். 'டக்' என்று பட்டது.

ஓடைச்சி வாய்விட்டுச் சிரித்தாள். இத்தனை காலமும் மீனைத் தண்ணீருக்குள் இருந்துகொண்டே பார்த்திருக்கிறாள். வெளியே உட்கார்ந்து பார்ப்பது இப்போதுதான். வெளியிலிருந்து பார்த்தால் தண்ணீர் எல்லாவற்றையும் கொஞ்சம் தூக்கிக் காட்டுகிறது!

மறுபடியும் வில்லை எடுத்தாள். இந்த முறை மீனைப் பார்த்தாள், மீனுக்குக் கீழே குறி வைத்தாள். விட்டாள்.

'சதக்!'

பெருங்கெண்டை துள்ளியது. முள் அதன் முதுகில் நின்றது. ஒரு உதறு உதறியது. வழவழப்பான முள் நழுவித் தண்ணீரில் மிதந்தது. மீன் ஓடிவிட்டது.

"பார்த்தாயா, எவ்வளவு சுத்தமாக வெளியே வந்துவிட்டது! எங்கள் வம்சத்து முள் அப்படி!" என்றார் முள்ளாண்டி பெருமையாக.

"வெளியே வந்ததுதான் அண்ணே தொல்லை!" என்றாள் ஓடைச்சி.

அம்பு உள்ளே போனால் மட்டும் போதாது. உள்ளே போனது திரும்பி வரக் கூடாது. இதை எதனால் தடுக்கலாம்? அவள் யோசித்துக்கொண்டே நொண்டி நொண்டி நடந்தாள். இலந்தைப் புதர் ஒன்று அவள் ரோமத்தைப் பிடித்து இழுத்தது. முன்னால் போனால் விட்டது, பின்னால் வந்தால் பிடித்துக்கொண்டது. அந்த முள் கொக்கி மாதிரி வளைந்திருந்தது.

ஓடைச்சி அதை மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தாள். பிறகு இரண்டு இலந்தை முட்களைக் கடித்து எடுத்து, அம்பின் நுனிக்குச் சற்றுப் பின்னால், வளைந்த கூர் பின்பக்கம் பார்க்கும்படி நாரால் இறுக்கிக் கட்டினாள்.

முள்ளாண்டிக்கு மனசே இல்லை. "அழகான முள்ளைக் கெடுத்துவிட்டாயே!" என்று முனகினார். ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை. என்ன நடக்கிறது என்று பார்க்க அவருக்கும் ஆசை.

மறுநாள் காலை செவலையன் கற்றாழை நாரில் திரித்த நீளமான கயிறு ஒன்றைக் கொண்டு வந்தான். ஒரு முனையை அம்பில் கட்டினான். மறுமுனையைக் கையில் வைத்துக்கொண்டு ஓடைச்சியின் பக்கம் வந்தான்.

"இந்த முனையை இடுப்பில் கட்டிக்கொள் மதினி!"

"ஏன் இடுப்பில்?"

"எல்லோரும் அப்படித்தான் கட்டுவார்கள்!"

"எல்லோரும் என்றால் யார்? அம்பு மீன்மேல் பட்ட பிறகு என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? மீன் உன்னுடையதாகும்!"

"அது சரி. மீன் என்னைவிடக் கனமாயிற்றே. அது என்னுடையதாகுமா, நான் அதனுடையவள் ஆவேனா?"

ஓடைச்சி ஆழத்துக்குப் போய்விட்டால் பொந்தில் குட்டிகள் மட்டும்தான் இருக்கும். முதல் நாளிலிருந்து செவலையன் மனதில் இருந்த கணக்கு இதுதான். அவன் கண் மறுபடியும் பொந்துப் பக்கம் போயிற்று. இந்தத் தடவை ஓடைச்சி அந்தக் கண்ணைப் பின்தொடர்ந்து பார்த்தாள்.

அவள் கத்தவில்லை. "எனக்குப் பயமாக இருக்கிறது. நான் கட்டிக்கொள்ள மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

முள்ளாண்டி குறுக்கே புகுந்தார். "பயப்படாமல் என்ன செய்வாள்? நீ கட்டிக்கொள்வாயா?"

"நானா? பயமா?" செவலையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அண்ணே, இந்தக் கொசுவடி வில்லுக்கா பயப்படச் சொல்கிறீர்? நேற்றுக்கூட மீன் உதறிவிட்டுத்தானே போயிற்று! இதோ பாரும், நானே கட்டிக்கொள்கிறேன்!"

அவன் கயிற்றை இடுப்பில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டான். வாலை ஆட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்தான்.

"வேண்டாம் கொழுந்தனாரே, அவிழ்த்துவிடு" என்றாள் ஓடைச்சி.

"பேசாமல் குறி வை! எனக்குக் கொட்டாவி வருகிறது."

பெருங்கெண்டை வந்தது. நேற்றைய கீறலை மறந்துவிட்டது போலச் சேற்றைக் கிண்டியது. ஓடைச்சி ஒரு கணம் தயங்கினாள். பொந்திலிருந்து குட்டிகளின் முனகல் கேட்டது. நேற்றைவிட மெலிந்திருந்தது அந்தச் சத்தம். அவள் மீனுக்குக் கீழே குறி வைத்து விட்டாள்.

'சதக்!'

மீன் உதறியது. இலந்தை முள் பிடித்துக்கொண்டது. மீன் ஆழத்தைப் பார்த்துப் பாய்ந்தது. கயிறு விர்ரென்று ஓடித் தீர்ந்தது.

"ஐயோ மதினி!"

செவலையன் கரையில் இல்லை. அவன் இருந்த இடத்தில் நான்கு நகக்கோடுகள் மட்டும் இருந்தன. தண்ணீருக்கு நடுவே அவன் தலை மேலே வந்தது, போயிற்று.

"கயிற்றைக் கடி! கயிற்றைக் கடி!"

கயிற்றைக் கடித்தால் மீன் போய்விடும். மீன் போனால் குட்டிகள்? ஓடைச்சி கயிற்றைப் பார்த்தாள், பொந்தைப் பார்த்தாள். பிறகு தண்ணீரில் இறங்கிவிட்டாள். ஆனால் கெட்ட கால் அவளை ஒரு பக்கமாகச் சுழற்றியது. எவ்வளவு உதைத்தாலும் கயிறு வாய்க்கு எட்டவில்லை.

நல்ல காலம், மடுவில் காய்ந்த மரக்கட்டை ஒன்று மிதந்தது. செவலையன் அதை நான்கு காலாலும் கட்டிக்கொண்டான். மீன் கட்டையையும் நரியையும் சேர்த்து இழுத்தது. கட்டை மூழ்கியது, மேலே வந்தது. மறுபடியும் மூழ்கியது, மறுபடியும் மேலே வந்தது. அது மீனோடு மல்லுக்கட்டவில்லை. ஆனால் மூழ்கவும் சம்மதிக்கவில்லை.

தட்டுத்தடுமாறிக் கரைக்குத் திரும்பிய ஓடைச்சி அதைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

மீன் இழுத்தது, நின்றது. இழுத்தது, நீண்ட நேரம் நின்றது. ஒவ்வொரு தடவையும் இழுப்பு குறைந்தது. கடைசியில் பெருங்கெண்டை பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. காற்று கட்டையை மெல்லக் கரையோர நாணலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

முள்ளாண்டியும் ஓடைச்சியும் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். முதலில் நரி வந்தான். பிறகு மீன் வந்தது.

செவலையன் வயிற்றுத் தண்ணீரையெல்லாம் கக்கினான். மூச்சு வந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "தலை எனக்குத்தானே மதினி?"

முள்ளாண்டி முள்ளைச் சிலிர்த்தார். "வெட்கமாக இல்லையா உனக்கு?"

"பேசின பேச்சு பேசினதுதான்" என்றாள் ஓடைச்சி. மீனின் தலையைக் கடித்து அவன் முன்னால் போட்டாள். மீதியைப் பொந்து வாசலுக்கு இழுத்துப் போனாள். குட்டிகள் கண்ணைத் திறக்காமலே தின்னத் தொடங்கின.

செவலையன் தலையைத் தின்று முடித்து உதட்டை நக்கினான். "நாளைக்கும் வரட்டுமா? கயிற்றின் அந்த முனைக்கு ஆள் வேண்டுமே!"

"வேண்டாம்" என்றாள் ஓடைச்சி. "காய்ந்த சுரைக்குடுக்கை ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். அதுவும் மிதக்கும். ஆனால் என் குட்டிகள் பக்கம் திரும்பிப் பார்க்காது."

நரி வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு போனான். அதன்பின் அந்தக் கரைப் பக்கம் அவன் வரவில்லை.

ஒரு கருவியைத் தேர்ந்தெடுப்பவர்கள், அது எவ்வளவு வேகமாகப் பாயும் என்று கேட்டால் மட்டும் போதாது. பாய்ந்த பிறகு அதன் மறுமுனை யாரை இழுக்கும் என்றும் கேட்டுவிட வேண்டும்.