ஆறு கொண்டுவந்து வைத்த வீடு

கிழக்கே கடல் தாண்டி இருக்கும் அச்சே நாட்டின் வடகரையில், ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் குவாலா தனோ என்றொரு சிற்றூர். அங்கே உப்புக் காய்ச்சிப் பிழைத்தவர் சௌதா அம்மையார். உப்புப் பூத்த மணலைச் சுரண்டிக் கூடையில் நிரப்பி, கடல்நீரை ஊற்றி வடித்து, வடிந்ததை அகன்ற சட்டியில் நாள் முழுக்கக் காய்ச்சுவார். உள்ளங்கை வெடித்து, வெடிப்பில் உப்பு ஏறி எரியும். அந்தக் கையோடுதான் தினமும் மாலையில் கிணற்று நல்ல தண்ணீரைச் சுமந்துபோய் ஊர்த் தொழுகைக்கூடத்து வாசல் ஜாடியை நிரப்புவார். ஆண்கள் அதில் கைகால் கழுவித் தொழப் போவார்கள். யார் ஊற்றிய தண்ணீர் என்று ஒருவரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அந்த ஊர் வழக்கம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அங்கே வீடு பெண்ணுக்குரியது. தாய் மகளுக்குக் கொடுப்பாள், மகள் தன் மகளுக்குக் கொடுப்பாள். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து சேருவான். பிழைப்புக்காக மலைநாட்டு மிளகுத் தோட்டங்களுக்குப் பயணம் போவான், நோன்பு மாதத்தில் திரும்புவான். அவன் எந்நாளும் அந்த வீட்டின் விருந்தாளிதான். வீட்டில் ஓர் ஆணிகூட இருக்காது. எல்லாம் மரத்தூண், மர ஆப்பு. தூண்களை மண்ணில் புதைப்பதுமில்லை, கல்லின்மேல் நிறுத்துவார்கள். ஆப்பைத் தட்டிக் கழற்றினால் முழு வீட்டையும் தோளில் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

தூக்கிக்கொண்டு போனார்கள். அதுதான் இந்தக் கதை.

அம்மையாரின் கணவர் இத்ரிஸ் மிளகு மலையில் காய்ச்சல் கண்டு இறந்தார். உடலை அங்கேயே அடக்கம் செய்துவிட்டதாகச் செய்தி கொண்டுவந்தவர் அவருடைய அண்ணன் ஹஸ்பி. ஊர்த்தலைவரும் அவரே. இந்த மனிதரை மரியாதை கொடுத்து எழுத என் கை கூசுகிறது. ஆனால் அம்மையார் கடைசிவரை அவரை வாங்க, போங்க என்றே பேசியதால் நானும் பொறுத்துக்கொள்கிறேன்.

நாற்பதாம் நாள் துஆ முடிந்து பந்தி எழுந்ததும் ஹஸ்பி ஊரார் முன்னால் ஒரு செய்தியை அவிழ்த்தார். தம்பி சாகும் தறுவாயில் தன் வீட்டைத் தொழுகைக்கூடத்துக்கு நேர்ந்துவிட்டானாம். கேட்ட காது அவருடையது ஒன்றே. ஊர்த் தொழுகைக்கூடம் கறையான் அரித்துச் சாய்ந்திருந்தது உண்மை. புதுக்கூடம் கட்டித் தருகிறேன் என்று ஹஸ்பி ஊருக்கு வாக்குக் கொடுத்துப் பெருமை பேசியிருந்ததும் உண்மை. மரம் வாங்கத்தான் மனம் வரவில்லை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று நம்மூரில் சொல்வார்கள். அந்த வித்தை கடல் தாண்டியும் இருக்கிறது.

வீடு இத்ரிஸுடையது அல்ல, அதை நேர்ந்துவிட அவருக்கு உரிமையே கிடையாது என்பது அங்கிருந்த ஒவ்வொரு ஆணுக்கும் தெரியும். ஏனென்றால் ஒவ்வொருவனும் மனைவி வீட்டில் விருந்தாளி. ஓதிக்கொடுக்கும் ஆலிமுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அவருடைய அரிசி ஹஸ்பியின் களஞ்சியத்திலிருந்து வந்தது. அவர் தாடியைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார். களவு செய்தவனைவிட, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் பொங்குகிறது.

"மச்சான், இது எங்க உம்மா எனக்குக் கொடுத்த வீடு. நான் என் மகள் மர்தியாவுக்குக் கொடுத்தாச்சு. அடுத்த மாசம் அவளுக்கு நிக்காஹ்" என்றார் அம்மையார்.

"அல்லாஹ்வுக்குக் கொடுக்க ஒனக்கு மனசில்லையா சௌதா?" என்று கேட்டார் ஹஸ்பி.

எப்பேர்ப்பட்ட கேள்வி பாருங்கள். திருடனை எதிர்த்தால் இறைவனை எதிர்த்ததாகிவிடும். அம்மையாரும் மர்தியாவும் உப்புக் குடிசையில் சட்டியருகே இருந்த ஒரு பகலில், ஹஸ்பியின் ஆட்கள் தச்சரோடு வந்து ஆப்புகளைத் தட்டினார்கள். வீட்டின் ராஜா தூண், ராணி தூண் என்னும் இரு தலைமைத் தூண்களும் பெயர்க்கப்படுமுன் வீட்டுக்காரி அரிசிமாவு கரைத்த நீர் தெளித்து அனுமதி சொல்ல வேண்டும் என்பது வழக்கம். தச்சர் அதை நினைவூட்டினார். நேரமில்லை என்றார் ஹஸ்பி. மாலையில் தாயும் மகளும் திரும்பியபோது அங்கே வெறும் கற்கள் வரிசையாக இருந்தன. வாசற்படியடியில் கால் கழுவ வைத்திருந்த ஜாடியை மட்டும் விட்டுப்போயிருந்தார்கள்.

மர்தியாவின் நிக்காஹ் நின்றது. வீடில்லாத பெண்ணிடம் மாப்பிள்ளை எங்கே வந்து சேருவான்? மாப்பிள்ளையின் தாயார் நேரில் வந்து சொல்லக்கூட இல்லை, ஆள்விட்டுச் சொன்னார். மர்தியா அழவில்லை. உப்புச் சட்டியைக் கிளறிக்கொண்டே இருந்தாள், அடி தீய்ந்ததுகூடத் தெரியாமல். அன்றிலிருந்து இருவரும் மனையிலிருந்து எட்ட, உயரமான மணல்மேட்டில் இருந்த அந்த உப்புக் குடிசையிலேயே குடியிருந்தார்கள்.

ஆற்றின் மேல்கரையில், ஹஸ்பியின் தோப்போரம் அந்த வீடே புதுக்கூடமாக எழுந்தது. மறுநாள் மாலை அம்மையார் வழக்கம்போலத் தண்ணீர் சுமந்துபோய் அதன் ஜாடியை நிரப்பினார். ஆனால் உள்ளே கால் வைக்கவில்லை. நோன்பு மாத இரவுத் தொழுகைக்குப் பெண்களெல்லாம் உள்ளே பின்வரிசையில் நிற்க, அவர் மட்டும் வெளியே மணலில் பாய் விரித்துத் தொழுதார். உப்புக்காரிக்கு ஆண்டவனைவிட மரம் பெரிதாகிவிட்டது என்று ஊர் சிரித்தது. இவ்வளவு கோபம் இருக்கிறவள் தண்ணீர் மட்டும் ஏன் சுமக்கிறாள் என்று ஒரு பெண் வாய்விட்டே கேட்டாள்.

"தண்ணி அல்லாஹ்வுக்கு. கோவம் இவங்களுக்கு. ரெண்டையும் நான் கலக்கல" என்றார் அம்மையார். "கேக்காம எடுத்த பலகையில என் நெத்தி படாது. அவனும் அதை விரும்ப மாட்டான்."

இரண்டு வருடம் இப்படியே போனது. அடியார் என்றால் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே தாங்குகிறவர் என்று சொல்லித் திரிகிறோம். இந்த அம்மையார் சிரிக்கவில்லை, மன்னிக்கவுமில்லை. ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்தி, "யா அல்லாஹ், உன் பேரைச் சொல்லி எடுத்தாங்க. நீயே பதில் சொல்லு" என்று கேட்டார். நம்பிக்கை இல்லாதவரா இப்படிக் கேட்பார்?

அந்த வருடத்து மழையில் மலைவெள்ளம் இறங்கியது. அதே பகலில் கடலும் ஏறி முகத்துவாரத்தை அடைத்துக்கொள்ள, ஆறு கரை புரண்டது. மேல்கரை ஆண்கள் பெண்டு பிள்ளைகளை மேட்டு வயலுக்கு அனுப்பிவிட்டு, கடைசியில் தாங்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்தக் கரையில் உயரமாக நின்றது தொழுகைக்கூடம். அதில் ஏறிக்கொண்டார்கள். தண்ணீர் தளம்வரை வந்தது. பிறகு தூண்களைக் கல்லிலிருந்து மெதுவாகத் தூக்கியது. ஆப்பு ஒன்றும் கழலவில்லை. கூடம் முழுதாக மிதந்து, ஹஸ்பியையும் ஆலிமையும் மற்றவர்களையும் சுமந்துகொண்டு ஆற்றோடு கீழே இறங்கியது. அவர்கள் ஓதிய ஓத்தெல்லாம் ஆற்றுச் சத்தத்தில் கேட்கவில்லை.

பிற்பகலில் கடல் இறங்கி வெள்ளம் வடிந்தபோது கூடம் சௌதா அம்மையாரின் மனையில், பழைய கற்களின்மேல் வந்து உட்கார்ந்திருந்தது. ராணி தூண் தன் கல்லிலேயே நின்றது. எங்கே இறங்குவது என்று ஆற்றுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மேலே நின்றவர்கள் அம்மையார் மகளோடு, வெள்ளம் ஏறாத மணல்மேட்டிலிருந்து சேற்றில் நடந்து வருவதைப் பார்த்தார்கள். அவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"என் மகள் வீட்டுல நிக்கிறீங்க மச்சான். எறங்கி வந்து, சலாம் சொல்லிட்டு ஏறுங்க."

படிக்கட்டு போயிருந்தது. ஊர்த்தலைவர் ஹஸ்பி தூணைக் கட்டிப்பிடித்து வழுக்கி இறங்கி, முழங்கால் சேற்றில் நின்றார். பின்னால் ஒவ்வொருவராக இறங்கினார்கள். பிற்பகல் அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. தொழ ஓர் இடம் இருந்தது, அது அந்த வீடு. கிணறெல்லாம் கலங்கியிருக்க, சுத்தமான தண்ணீர் ஒரு ஜாடியில் இருந்தது. மாலையில் கூடத்துக்குச் சுமக்கவென்று அம்மையார் காலையிலேயே மேட்டில் நிரப்பி வைத்த ஜாடி அது.

ஆலிம்தான் முதலில் வாய் திறந்தார். "அன்னிக்கே நான் பேசியிருக்கணும் தாயே. பயந்துட்டேன். இந்த ரெண்டு வருஷமா தொழவெச்சது எனக்கே உறுத்துச்சு. இது யாருதுன்னு தெரிஞ்சு அல்லாஹ் கொண்டுவந்து வெச்சுட்டான்" என்றார்.

ஹஸ்பி தலை குனிந்து, "என் தம்பி ஒண்ணும் நேர்ந்துக்கல" என்றார். பிறகு தொழ இடம் கேட்டார்.

"என்கிட்ட கேக்காதீங்க. வீட்டுக்காரி அங்க நிக்கிறா" என்றார் அம்மையார்.

ஊர்த்தலைவர் தன் தம்பி மகள் முன்னால் போய், சலாம் சொல்லி, அனுமதி கேட்டார். மர்தியா வீட்டைக் காட்டிச் சொன்னாள்.

"இந்த ஒரு தொழுகைக்கு மட்டும், பெரிய வாப்பா. முடிஞ்சதும் எறங்கிடுங்க."

அம்மையார் ஜாடியைத் தூக்கிவந்து ஒவ்வொருவர் காலுக்கும் தண்ணீர் ஊற்றினார். ஹஸ்பியின் காலுக்கும் ஊற்றினார், முகத்தைப் பார்க்காமல். எல்லோரும் வெள்ளத்தில் வந்த மரமொன்றைச் சாய்த்து ஏறி வரிசையில் நின்ற பிறகு, தாயும் மகளும் பின்னால் நின்றார்கள். இரண்டு வருடம் கழித்து அந்தப் பலகையில் சௌதா அம்மையாரின் நெற்றி பட்டது. தொழுகை முடிந்து ஆண்கள் ஓசையில்லாமல் இறங்கிப் போனார்கள். அவர் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

இறைவனுக்குத் தண்ணீர் சுமந்தவர், இறைவன் பெயரால் நடந்த களவை ஒருநாளும் இறைவன் கணக்கில் எழுதாதவர். அந்த அம்மையாரின் வெடித்த கைகளை வணங்கி இதை முடிக்கிறேன்.