கால் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்வது எதனால்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது பாக்கியத்தாய். அவள் ஆயாவாக இருந்த சத்துணவுக் கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அது. என் மூத்தவன் அப்போது மூன்றாம் வகுப்பு. ஒரு நாள் சாப்பாட்டு வரிசையில் ஒரு பிள்ளை அவள் காலை நன்றாக மிதித்துவிட்டு, "சாரி ஆயா" என்று சொல்லிக்கொண்டே தட்டோடு ஓடிவிட்டது.

"சாரின்னா என்ன அர்த்தம்டி?" என்று என்னைக் கேட்டாள்.

மன்னிச்சுக்கோன்னு அர்த்தம், டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்காங்க என்றேன்.

"அது வாய்க்குத் தெரிஞ்ச அர்த்தம். காலுக்குத் தெரிஞ்சது ஒண்ணு இருக்கு, கேளு" என்று முட்டை உரித்தபடியே ஆரம்பித்தாள். அவள் இப்போது இல்லை. ஆண்டவர் அவளுக்கு இளைப்பாறுதல் கொடுக்கட்டும். அவள் சொன்ன மாதிரியே சொல்லிப் பார்க்கிறேன்.

அந்தக் காலத்தில், அதாவது கடற்கரையில் வெள்ளைக்காரர் கப்பல் வந்து நிற்கத் தொடங்கியிருந்தது, ஆனால் மிருகங்களும் பறவைகளும் இன்னும் பேச்சை விட்டுவிடவில்லை, அந்தக் காலத்தில் மலையாத்தாள் என்று ஒரு யானை இருந்தாள். பிள்ளை பெற்று, பேரன் பேத்தி கண்டவள். அவள் முன்னால் நடந்தால் கூட்டம் பின்னால் நடக்கும். கோடை வந்தால் மலையிலிருந்து இறங்கிப் பெரிய ஏரிக்குப் போவார்கள்.

அந்த வழி ஆபத்தான வழி. யானை பிடிக்கிறவர்கள் ஆளுயரத்துக்குக் குழி வெட்டி, மேலே மூங்கிலைப் பரப்பி, இலையும் மண்ணும் தூவி வைத்திருப்பார்கள். ஆனாலும் ஒரு யானையும் விழுந்ததில்லை. ஏனென்றால் ஏரிக்கரையில் மஞ்சக்காலி என்று ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தாள். கால் மட்டும் மஞ்சளாக இருக்கும், அதனால் அந்தப் பேர். குழி இருக்கிற இடம் அவளுக்கு அத்துப்படி. "அக்கா, இடது பக்கம் ஒதுங்கு! ஒதுங்குக்கா!" என்று தொண்டை கிழியக் கத்துவாள். யானைகள் நடக்கும்போது புல்லிலிருந்து கிளம்புகிற பூச்சிகளை அவள் பிடித்துத் தின்பாள். இரண்டு பேருக்கும் இப்படியே சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது.

ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெறும் தரையில், கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக முட்டை வைக்கும். வெயில் ஏறினால் ஏரியில் வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடி வந்து, ஈரத்தோடு முட்டை மேல் உட்காரும். அந்த வருஷம் மஞ்சக்காலி நாலு முட்டை வைத்திருந்தாள்.

அந்த வருஷம்தான் மலையாத்தாளின் கடைசி மகளுக்குக் குட்டி பிறந்தது. பிறந்து ஒன்பதாம் நாள் அது. மலையில் ஊற்று வற்றிவிட்டது. மகளுக்குத் தண்ணீர் இல்லாமல் மடியில் பால் சுருங்கிப் போயிருந்தது. மலையாத்தாள் அவசரமாகக் கூட்டத்தை இறக்கினாள். யானைக்கு அப்போதெல்லாம் கீழே பார்க்கிற பழக்கமே கிடையாது. இலை பறிக்கவும் தண்ணீர் உறிஞ்சவும்தான் தும்பிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கரையை நெருங்கும்போது அவள் காலடியில் 'பொளக்' என்றது.

"ஐயோ, என் முட்டை!" என்று மஞ்சக்காலி அலறினாள்.

மலையாத்தாள் நிற்கவில்லை. "நடக்கிற வழியில வச்சா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குப் போய்விட்டாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. குட்டியைப் பற்றிய கவலை அவளுக்கு.

மறுநாள் அவர்கள் இறங்கியபோது மஞ்சக்காலி கத்தவில்லை. ஒரு கல் மேல் நின்று பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மலையாத்தாளின் தங்கைக்கு முன்னங்கால் ஒரு குழியின் விளிம்பில் இறங்கிவிட்டது. நாலு பேர் சேர்ந்து இழுத்ததில் தப்பினாள். அதற்கு மேல் ஓர் அடி வைக்க யாருக்கும் துணிவில்லை. தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது, போக முடியவில்லை. திரும்பி மலை ஏறினார்கள்.

இரண்டு நாள் போனது. குட்டி மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டுத் தாயின் காலடியில் படுத்துக்கொண்டது.

"அம்மா, நாளைக்கும் இப்படியே போனா இது தாங்காது" என்றாள் மகள்.

அந்த நேரத்தில்தான் கடற்கரைப் பக்கமிருந்து ஒரு மைனா வந்து கிளையில் உட்கார்ந்தது. கப்பல்காரர்களோடு பழகி ஊர்ப்பட்ட வார்த்தை கற்றுக்கொண்டு வந்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும், "அடடா பெரியம்மா, இதுக்கா இவ்வளவு கவலை? அவங்ககிட்ட ஒரு வார்த்தை இருக்கு. சாரி" என்றது.

"அப்படின்னா?"

"எல்லாந்தான்! ஒருத்தர் மேல இடிச்சா சாரி. வழி விடணும்னா சாரி. சொன்னது காதுல விழலேன்னா, இன்னொரு தரம் சொல்லுங்கன்னு கேக்க சாரி. தர மாட்டேன்னு சொல்லணுமா, அதுக்கும் சாரி. துக்க வீட்டுக்குப் போனாலும் தொப்பியைக் கழட்டிட்டு அதேதான். ஒரே வார்த்தையில முடிச்சிடுறாங்க."

"சொன்னா முட்டை ஒட்டிக்குமா?"

"ஒட்டாது. ஆனா சொல்லிட்டா நாம கிளம்பிப் போயிடலாம் பெரியம்மா. அதுல அதான் சௌகரியம்."

மலையாத்தாள் அன்று முழுக்க அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பழகினாள். விடிந்ததும் யாரையும் கூட்டாமல் தனியாக இறங்கினாள். 'படைச்சவனே, என் கால் போற இடம் எனக்குத் தெரியல. நீயே கூட வா' என்று வேண்டிக்கொண்டே போனாள். கரைக்குச் சற்று முன்னால் நின்று, காடே அதிரும்படி, "சாரி!" என்றாள்.

மஞ்சக்காலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "யாரோ இடி இடிக்கிற மாதிரி இருக்கு."

"நான்தாண்டி. சாரி சொல்றேன்."

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

"எதுக்கு?"

மைனா இந்தக் கேள்விக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. கிட்டப் போய்ச் சொன்னால் கேட்பாள் என்று ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"நில்லு! காலை வைக்காதே!"

மலையாத்தாள் அப்படியே நின்றாள். தூக்கிய கால் அந்தரத்தில் நிற்கிறது. அடியில் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. பின்னால் வைக்கவும் பயம், முன்னால் வைக்கவும் பயம். மஞ்சக்காலி சிறகை விரித்துக்கொண்டு அந்தக் காலுக்கு அடியில் வந்து நின்றுவிட்டாள். அவ்வளவு பெரிய காலுக்குக் கீழே அவ்வளவு சின்ன உடம்பு.

அப்போதுதான் மலையாத்தாள் அதுவரை எந்த யானையும் செய்யாத ஒன்றைச் செய்தாள். தும்பிக்கையைக் கீழே இறக்கி, நுனியால் மண்ணைத் தடவினாள். ஒரு கல். இன்னொரு கல். அப்புறம் கல்லைப் போலவே, ஆனால் வெதுவெதுப்பாக ஒன்று. அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு. கொஞ்சம் தள்ளி, காய்ந்துபோன ஓட்டுத் துண்டு ஒன்று, மண்ணோடு மண்ணாக நசுங்கிக் கிடந்தது.

அந்த ஓட்டை மெல்லத் தொட்டாள். தொட்ட நுனியைத் தூக்கித் தன் கண்ணில் வைத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து நீர் இறங்கியது.

மஞ்சக்காலி நிமிர்ந்து பார்த்தாள். "என்னக்கா பண்ற?"

"காலுக்குக் கண்ணு இல்லையேடி. அது என்ன பண்ணிச்சுன்னு என் கண்ணுக்குத் தெரியவே இல்ல. அதான் தொட்டு எடுத்துக் காட்டுறேன்." மறுபடியும் ஓட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். "நாலு வச்சிருந்தே. ஒண்ணு என்னால போச்சு. மூணு இருக்கு."

"ஆமா" என்றாள் மஞ்சக்காலி. முட்டை உடைந்த நாளிலிருந்து அவளிடம் யாரும் எண்ணிக்கை கேட்கவில்லை.

மலையாத்தாள் தும்பிக்கையால் வழி தடவி, தூக்கிய காலைப் பின்னால் பத்திரமாக வைத்தாள். மஞ்சக்காலி ஏரிக்கு ஓடி, வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, மூன்று முட்டைகள் மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் கேட்டாள்.

"குட்டிக்கு இன்னைக்கு எத்தனாவது நாள்?"

"பதிமூணு."

"கூட்டிட்டு வா. புளியமரத்துக்கு அந்தாண்ட புதுசா ரெண்டு குழி வெட்டியிருக்கான். இங்கேருந்தே கத்துறேன். ஆனா ஒவ்வொரு அடிக்கும் தடவிப் பாத்து வரணும், ஆமா."

உச்சி வெயிலுக்குள் கூட்டம் முழுக்கத் தண்ணீரில் நின்றது. மகள் குடித்தாள், குடித்தாள், வயிறு குலுங்கக் குடித்தாள். சாயங்காலம் மடியில் பால் இறங்கி, குட்டியின் வாயோரம் நுரை தள்ளியது. மலையாத்தாள் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டதில் கோரைப்புல் எல்லாம் சாய்ந்து எழுந்தது.

"பாத்தீங்களா பெரியம்மா, என் வார்த்தை வேலை செஞ்சிடுச்சு!" என்றது மைனா.

"செஞ்சுதும்மா" என்றாள் மலையாத்தாள். சந்தோஷத்தில் இருக்கும்போது யாரோடு என்ன வழக்கு? மைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டது. நம் பள்ளிக்கூடத்துக்கும் பஸ்ஸுக்கும் அதுதான் கொண்டுவந்து சேர்த்தது.

கோரை அறுக்க வந்த ஒருத்தி காலையில் நடந்ததையெல்லாம் மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போய்ச் சுமையை இறக்கும்போது அவள் கால் மாமியார் மேல் பட்டது. குனிந்து தொட்டு, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாமியார் அதிசயமாகப் பார்த்தாள். பிறகு நகர்ந்து உட்கார இடம் கொடுத்தாள்.

அன்று முதல்தான் யானை தும்பிக்கையால் தரையைத் தடவிப் பார்த்துக் கால் வைக்கிறது; ஒருவர் மேல் நம் கால் பட்டுவிட்டால் நாமும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம்.

சாரி சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதுவும் நல்ல வார்த்தைதான். பஸ்ஸில் யார் காலையாவது மிதித்துவிட்டால், சொல்லிவிட்டு உடனே இறங்கிப் போய்விடாமல், அந்தக் காலை ஒரு தடவை குனிந்து பாருங்கள். அது போதும்.