சுவரோர நாற்காலி

மில் முதலாளி சென்னியப்பனை எதிர்த்துப் பேசிப் பிழைத்தவன் கோயம்புத்தூரில் கிடையாது. அவர் வீட்டுக் கூடத்தில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் நின்றன.

"தவில் தகர டப்பா மாதிரி கேக்குது. சப்வூஃபர்னு தனி ஸ்பீக்கர் இருக்காமே, அதைப் போட்டு நெஞ்சு அதிர வை. இல்லேன்னா கடைக்காரன்கிட்டச் சொல்லி உன் சீட்டைக் கிழிச்சிருவேன்" என்றார்.

ஸ்பீக்கர் கடையிலிருந்து ஒயர் இழுக்க வந்த ராக்கியண்ணன் கூடத்தைப் பார்த்தான். நட்டநடுவில் அவருடைய சோபா. பின்சுவரை ஒட்டி ஒரு பிரம்பு நாற்காலி, அதன் கைப்பிடியில் மடித்த சால்வை.

"அது யாருதுங்க?"

"என் சம்சாரத்துது. போய்ச் சேந்து மூணு மாசமாச்சு. பாட்டுப் போட்டாலே 'கொறைங்க, நெஞ்சு அடைக்குது'ன்னு வருஷக்கணக்கா நச்சரிச்சா. ஞானசூனியம்."

பதில் சொன்னால் வேலை போகும். ராக்கியண்ணன் பிரம்பு நாற்காலியைக் காட்டினான். "சோபாவை நகர்த்தணும், கொஞ்ச நேரம் அங்க உக்காருங்கய்யா" என்றான். அதே தவிலை, அதே சத்தத்தில் ஓடவிட்டான்.

நாற்காலியில் இருந்தவர் மார்பைப் பிடித்தார். "கொறைப்பா! எத்தனை சப்வூஃபர் வெச்சே?"

"பெட்டியே இன்னும் பிரிக்கலீங்க." ஒட்டுப் பிரியாத அட்டைப்பெட்டியைத் தூக்கிக் காட்டினான். "இந்த ஸ்பீக்கருக்கு அது தேவையும் இல்லீங்க. நெஞ்சை அதிர வைக்கிற அடிச்சத்தம் சுவத்தோரமாச் சேரும், நடுவுல வத்திப்போகும். உங்களுக்குப் பத்தாதது அத்தனையும் அம்மா மேலதான் விழுந்துச்சுங்க."

சென்னியப்பன் சால்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ராக்கியண்ணன் சத்தத்தைக் குறைத்தான்.

"போதுங்களா?"

"அவளைத்தான் கேக்கணும்" என்றார்.