நாலு மணி தொண்டி பஸ்

"எங்கே தப்பு பண்ணினேன் மதர்? அதை மட்டும் சொல்லுங்க. மிச்சம் இருக்கிறது ஒரே பஸ். நாளைக்கு அதையும் விற்கிறதா, வேண்டாமா?"

சவரிராயன் கன்னியர் மடத்து வரவேற்பறையில் நின்றபடியே கேட்டார். விண்மீன் பஸ் கம்பெனியின் முதலாளி. எந்த முடிவுக்கும் முன்னால் மதர் ரெஜிஸிடம் வந்துவிடுவார்.

மதர் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க. முதல் பஸ்ஸைப் பத்திச் சொல்லுங்க."

சவரிராயன் முகம் மலர்ந்தது.

"நான் டிரைவர். மச்சான் கண்டக்டர். ஓட்டை வண்டிதான். ஆனா தாய்மாருங்க ஜன்னல் வழியாப் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துடுவாங்க. 'அண்ணே, தொண்டியில இவன் மாமா நிப்பாரு, ஒப்படைச்சிடுங்க.' அவ்வளவுதான். ஒருநாள் மாமா வரலை. வண்டியை நிறுத்திட்டு, பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு வீடு தேடிப் போனேன்."

"பஸ்ஸில் இருந்தவங்க?"

"காத்திருந்தாங்க. ஒரு பெரியவர் மட்டும் திட்டினார். அவர் தினமும் திட்டுவார்."

மதர் சிரித்தார். "அப்புறம்?"

"நாற்பது பஸ். ஏசி, வீடியோ எல்லாம். டிரைவருங்க பேர்கூட எனக்குத் தெரியாது, வண்டி நம்பர்தான் தெரியும். அப்புறம் டீசல் ஏறிச்சு. போட்டிக்கு ஆள் வந்தாங்க. ஜனங்களும் அந்தப் பக்கம் போயிட்டாங்க. நன்றியே இல்லை மதர்."

மதர் கடைசி மொச்சையை உரித்தார். "ஜெசிந்தா!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

ஆறு வயது விடுதிப் பிள்ளை ஒருத்தி பையோடு வந்தாள்.

"இவளுக்கு லீவு. அம்மாவுக்குக் காய்ச்சல், கூட்டிப்போக வர முடியலை. தொண்டியில் சித்தி நிற்பாள். உங்க நாலு மணி பஸ்ஸில் ஏத்தி விடுங்க."

"கூட யாரு?"

"யாருமில்லை. கண்டக்டர் பார்த்துக்க மாட்டாரா?"

சவரிராயன் பதறி எழுந்தார்.

"ஐயோ, அந்த பஸ்லயா? வேண்டாம் மதர்! அவனுங்க ஓட்டுற ஓட்டுக்கு... பச்சைப் பிள்ளை! நானே என் கார்ல..."

நிறுத்திக்கொண்டார்.

மதர் மொச்சைத் தோலைக் கூடையில் அள்ளிப் போட்டார்.

வாசலில் நாலு மணி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ஜெசிந்தா சவரிராயனின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"தாத்தா, டிரைவர் அங்கிள் பேர் என்ன?"

சவரிராயன் கார் சாவியை மேஜைமேல் வைத்தார். அவள் பையை வாங்கிக்கொண்டார்.

"வா பாப்பா, போய்க் கேட்போம்."