கோமதிநாயகத்துக்கு மாசம் எவ்வளவு?

பயம் வந்தா ஒருத்தனுக்குக் கை நடுங்கும், ஒருத்தனுக்கு வயிறு கலங்கும். எங்க சித்தி மவன் கோமதிநாயகத்துக்கு வாய் நீளும். சின்னப் பயமா இருந்தா சின்னப் புளுகு, பெரிய பயமா இருந்தா பெரிய புளுகு. செங்கோட்டையில பொண்ணு பாக்கப் போன அன்னைக்கி அவனுக்கு வந்தது அவன் ஆயுசுலயே பெரிய பயம்.

அவன் வேலை அப்படி. கோவாவுல ஆத்துல நிக்குற ஒரு கப்பல்ல சீட்டாட்ட கிளப்பு. அங்க போக்கர் மேசையில டீலர். இவன் ஆட மாட்டான். சீட்டக் கலச்சு, பிரிச்சுப் போட்டு, பணத்துக்குப் பதிலா வச்சு ஆடுற காயின ஜெயிச்சவன் பக்கம் தள்ளிவிடணும். ஜெயிச்சவனுக்கு மனசு குளுந்தா ஒரு காயின டிப்ஸுன்னு இவன் பக்கம் போடுவான். அவ்வளவுதான். ஆனா சீட்டுன்னு காதுல விழுந்ததுமே மூணு வீட்ல "வேண்டாம் சாமி"ன்னுட்டாவ. இது நாலாவது எடம். பொண்ணு பேரு செண்பகவடிவு, பிரைவேட் பள்ளிக்கூடத்துல டீச்சர். போட்டோவப் பாத்ததுலருந்து பயலுக்குச் சோறு இறங்கல.

காலையில பத்து மணிக்கு சித்தி, அவன், நான் மூணு பேரும் போயி உக்காந்தோம். எதிர பொண்ணோட அப்பா ஆவுடையப்பன். அவருக்குப் பக்கத்துல தாய்மாமா பேச்சிமுத்து. கனத்த மீசை. வந்ததுலருந்து ஒரு வார்த்தை பேசல. தட்டுல இருந்த முறுக்க மட்டும் ஒவ்வொன்னா ஒடிச்சிக்கிட்டு இருந்தாரு.

ஆவுடையப்பன் தொண்டையச் செருமினாரு. "தப்பா நினைக்காதியோ தம்பி. மாசச் சம்பளம் எவ்வளவு வரும்?"

கோமதி என்னப் பாத்தான். வேண்டாம்லேன்னு கண்ணக் காட்டுனேன். அதுக்குள்ள வாய் கிளம்பிட்டு.

"சம்பளமா மாமா? அத நான் கையால தொடுறதே இல்ல. கப்பல்ல ஒரு வாட்ச்மேன் இருக்காரு, பாவம். மாசாமாசம் அவருக்குக் குடுத்துருவேன்."

"முழுச் சம்பளத்தையுமா?"

"டிப்ஸ் வருதே மாமா. அத வைக்கவே எடமில்ல."

சித்தி தலையக் குனிஞ்சிக்கிட்டா. பெத்தவளுக்குத் தெரியாதா, வண்டி கிளம்பிட்டுன்னு.

"சேந்த மொத வாரம் நடந்ததச் சொல்லுதேன் கேளுங்க. சூரத்து வைர வியாபாரி ஒருத்தரு பெரிய ஆட்டம் ஜெயிச்சாரு. சந்தோசத்துல ஒரு காயின என் பக்கம் சுண்டுனாரு. நெஞ்சுல வந்து அடிச்சுது பாருங்க, நாக்காலியோட பின்னால போயி செவத்துல ஒட்டிக்கிட்டேன். அவ்வளவு கனம்! இன்னைக்கும் நெஞ்சுல வட்டமா தழும்பு இருக்கு. அதுல நம்பரு கூட வாசிக்கலாம்."

பேச்சிமுத்து மொத தடவையா வாயத் தொறந்தாரு. "சட்டையக் கழத்தும். வாசிப்போம்."

"பொம்பளையாள் இருக்க எடத்துல அது மரியாதையா மாமா?"

அவரு மறுபடி முறுக்க ஒடிச்சாரு. நான் கோமதி கால மிதிச்சேன். மிதிச்சா நிறுத்துவான்னு நினைச்சது என் தப்பு. சைக்கிள்ல பெடல மிதிச்ச மாதிரி ஆயிட்டு.

"பொறவு என் கைவேகம் இருக்கே மாமா. ஒரு கட்டு சீட்டப் பிரிச்சுப் போட்டா காத்து கிளம்பும். என் மேசையில ஆடுறவங்க சால்வை போத்திக்கிட்டுதான் உக்காருவாங்க. மொதலாளி பாத்தாரு, கப்பல்ல ஏசி எல்லாத்தையும் நிறுத்திட்டாரு. மிச்சமான கரண்டு காசு என் கணக்குலதான் ஏறும். அது சம்பளத்துலயும் சேராது, டிப்ஸ்லயும் சேராது."

"அப்போ எதுல சேரும்?"ன்னு ஆவுடையப்பன் நிசமாவே கேட்டாரு. நல்ல மனுசன்.

"காத்துப்படி"ன்னான்.

உள் ரூம்ல யாரோ களுக்குன்னு சிரிச்ச மாதிரி இருந்தது. அது அவன் காதுலயும் விழுந்துட்டு. அவ்வளவுதான், இனிமே பிடிக்க முடியுமா?

"போன வருசம் தசரா சமயம். என் மேசையில டிப்ஸ் குமிஞ்சு குமிஞ்சு கப்பலே ஒருபக்கமா சாஞ்சிட்டு. கேப்டன் மைக்குல கத்துதாரு. 'கோமதிநாயகம் சார், தயவுசெஞ்சு இடது பக்கமா வாங்க!' நான் எந்திரிச்சு இடது பக்கம் போனேன். அந்தப் பக்கம் உக்காந்து ஆடுனவங்களும் டிப்ஸ் போட ஆரம்பிச்சிட்டாங்க. இப்போ கப்பல் இடதுபக்கம் சாயிது. மறுபடி மைக்கு. 'வலது பக்கம் சார்!' கடைசியில ரெண்டு மேசைக்கும் நடுவுல ஒத்தக்கால்ல நின்னு சீட்டு போட்டேன்."

"கீழ விழல?"

"நான் விழல, காயின்தான் விழுந்துது. சன்னல் வழியா உருண்டு ஆத்துக்குள்ள. இப்போ பணஜி மார்க்கெட்டுல போயி ஒரு சீலா மீன வாங்குங்க. வயித்த அறுத்தா ஆயிரம் ரூவா காயின் இருக்கும். அங்க மீன் விக்குற அம்மாமாரு மீன எடை போடுறதில்ல மாமா. காதுகிட்ட வச்சுக் குலுக்கிப் பாத்துதான் வெலை சொல்லுவாவ."

ஆவுடையப்பன் வாய் பொளந்து உக்காந்துட்டாரு. பேச்சிமுத்து முறுக்க வச்சிட்டு ரெண்டு கையையும் மடியில கோத்தாரு. எனக்கு அந்த உக்காருற தோரணை பிடிக்கல.

"எல்லாரும் காயினாத்தான் குடுப்பாங்களா?"ன்னு மெதுவாக் கேட்டாரு.

"யாரு சொன்னா? ஒரு குவாரி முதலாளி கையில இருந்த அம்புட்டையும் தோத்தாரு. கடைசி ஆட்டத்துல எல்லாத்தையும் திரும்பப் பிடிச்சிட்டாரு. அழுதுட்டாரு மாமா. 'தம்பி, காசு குடுத்தா உன் கைக்கு அவமானம்'னு ஒரு மலையவே குடுத்துட்டாரு."

"மலையா?"

"சின்ன மலைதான்."

"பட்டா?"

"கூட்டுப் பட்டா."

"எங்க இருக்கு அது?"

கோமதி எந்திரிச்சு, வாசல் வழியா மேக்க கைய நீட்டுனான். சாரல் சமயம். மலைத்தொடர் முழுக்க மேகம் மூடிக் கிடந்தது. "அந்தா தெரியுதுல்லா, தெக்க இருந்து மூணாவது. அதுக்கு நேரே பின்னால. இன்னைக்கி மேகம் மறைச்சிட்டு. சித்திரையில வந்தியோன்னா காட்டுதேன்."

"ஏல, உக்காருல"ன்னு சித்தி அவன் சட்டையப் பிடிச்சு இழுத்தா. உக்காந்தான். உக்காந்துகிட்டேதான் உச்சிக்குப் போனான்.

"இதெல்லாம் மனுசங்க குடுத்தது. ஒருநாள் சீட்டு கலச்சிக்கிட்டு இருக்கேன். இஸ்பேட் ராஜா சீட்டுக்குள்ள இருந்து கைய வெளிய நீட்டுனாரு. 'கோமதி, எத்தனையோ பயலுவ என்னக் கசக்கிப் பிடிச்சானுவ. நீ ஒருத்தன்தான் பூ மாதிரி போடுத'ன்னு சொல்லி விரல்ல கிடந்த மோதிரத்தக் கழத்தி டிப்ஸா வச்சாரு. நீங்க எந்தக் கடையில வேணா ஒரு சீட்டுக்கட்டு வாங்கிப் பாருங்க. இஸ்பேட் ராஜா கையில மோதிரம் இருக்காது!"

பேச்சிமுத்து நாக்காலிய முன்னால இழுத்துப் போட்டாரு.

"மாப்ள, நான் இருவது வருசம் கோவா லைன்ல லாரி ஓட்டுனவன். டீலர் பயலுவ தங்குற லாட்ஜுலதான் நானும் தங்குவேன். நாலே நாலு கேள்வி. உங்க யூனிபார்ம்ல பை உண்டா?"

கோமதி முகம் வெளுத்துட்டு. "கிடையாது மாமா. தச்சு மூடியிருப்பாங்க."

"டிப்ஸ் விழுந்தா என்ன செய்வியோ?"

"காயினால மேசையில ஒரு தட்டு தட்டணும். மேல கேமரா பாக்கும். பொறவு பெட்டில போட்டுரணும்."

"பெட்டி யாருக்கு?"

"எல்லாருக்கும் பொது. மாசக் கடைசியில கம்பெனி பிரிச்சுத் தரும். டீலருக்கு, சூப்பர்வைசருக்கு, சிப்பந்திகளுக்குன்னு பங்கு உண்டு."

"உமக்கு எவ்வளவு?"

இந்த எடத்துல கோமதி ஒரு காரியம் செஞ்சான். மேசைய விட்டு எந்திரிக்கும்போது டீலருங்க, கையில எதையும் மறைக்கலன்னு கேமராவுக்குக் காட்டணுமாம். அந்தப் பழக்கம். ரெண்டு உள்ளங்கையையும் லேசாத் தட்டி, விரிச்சு, திருப்பிக் காட்டுனான். காலியா இருந்தது.

"சம்பளம் பதினெட்டாயிரம் மாமா. டிப்ஸ் பங்கு நல்ல மாசம்னா பன்னெண்டாயிரம். மழைக்காலத்துல நாலாயிரம் வந்தாலே பெருசு. அதுல ரூம் வாடகை போவும். வாட்ச்மேனுக்கு... போன தீபாவளிக்கு எரநூறு ரூவா குடுத்தேன்."

குரல் உள்ள போயிட்டு. அவ்வளவு நேரம் கப்பலச் சாச்சவன், மலையத் தூக்குனவன், ஒரு நாக்காலி நுனியில குறுகி உக்காந்திருந்தான். சித்தி பைய எடுத்து மடியில வச்சா. எந்திரிச்சிரலாம்னு அர்த்தம்.

ஆவுடையப்பன் முகம் கடுகடுன்னு ஆச்சு. "ஏன் தம்பி, பொண்ணு கேட்டு வந்த எடத்துல இப்படியா பொய் சொல்லுதது?"

அப்போ உள்ளருந்து செண்பகவடிவு வெளிய வந்தா. கையில செவப்புப் பேனா. பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்திருக்கா போல. நேரா அவ அப்பா முன்னால நின்னா.

"அப்பா, தரகர்ட்ட என் சம்பளம் எவ்வளவுன்னு சொல்லி விட்டியோ?"

ஆவுடையப்பன் மேல ஃபேனப் பாத்தாரு. "அது... சுமாரா ஒரு கணக்கு சொன்னேன்."

எனக்கும் நாக்கு சும்மா இருக்குமா? நானும் அதே குடும்பந்தானே. "முப்பத்தஞ்சாயிரம்னு சொன்னாரு எங்ககிட்ட"ன்னுட்டேன்.

"முப்பத்தஞ்சா!" அவ சிரிச்ச சிரிப்புல பேனா கீழ விழுந்துது. "எங்க ஹெட்மாஸ்டர் ரெண்டு பேரா இருந்தாக்கூட அவ்வளவு வராது."

பேச்சிமுத்து மீசைக்குள்ள இருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல்னு நினைச்சேன். சிரிக்காரு மனுசன்! தொடையில தட்டிச் சிரிக்காரு. மச்சான் மூஞ்சியப் பாத்துப் பாத்துச் சிரிக்காரு. சித்தி பையக் கீழ வச்சா.

ஆவணியில கல்யாணம் நடந்துது, பந்தியில நான் மூணு தடவை பாயாசம் வாங்குனேன், அதெல்லாம் இருக்கட்டும். அன்னைக்கி நடந்ததச் சொல்லி முடிச்சிருதேன். கோமதி குனிஞ்சு அந்தப் பேனாவ எடுத்து அவ கையில குடுத்தான். ஆளு கொஞ்சம் தெளிஞ்சிட்டான். ஆனா சத்தம் மட்டும் எழும்பல.

"அப்போ உங்களுக்கு நெசமாவே மாசம் எவ்வளவுங்க?"

"ஒன்பதாயிரத்து ஐநூறு. டிப்ஸ் கிடையாது. பொங்கலுக்கு ஒரு எவர்சில்வர் டப்பா தருவாங்க, மூடி சேராது."