நல்லாச்சி கைவிட்ட தூக்கம்

அந்தக் காலத்தில் பூவும் பறவையும் வாய் திறந்து பேசின. அவரவர் தூக்கம் தனி ஆளாக, அவரவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தது. அது இருட்டியதும் படுக்கும், விடிந்ததும் எழும். படுத்த நொடியே அதற்குரியவரும் சாய்ந்துவிடுவார், அது எழுந்தால்தான் எழுவார். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், பிறகு நொட்டை சொல்லக் கூடாது.

சூரியன் விழுகிற ஊரில் நல்லாச்சி வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஒருநாள் செங்கால் நாரை மூச்சிரைக்க வந்து இறங்கியது.

“உன் தம்பி இருளப்பன் காய்ச்சல்ல கிடக்கிறான். உச்சிப்பூவோட தேன் ஒரு சொட்டு போனா பிழைச்சுக்குவான். அது நடுப்பகல்ல ஒரு கணம்தான் விரியும். கூடப் பிறந்தவ வாய்விட்டுக் கேட்டாத்தான் கொடுக்கும். ஏழு நாள் தாங்குவான், அவ்வளவுதான்.”

“ஐயோ, சூரியன் எழுகிற ஊருக்கு நடந்தா பதினஞ்சு நாள் ஆகுமே!”

“முதுகில ஏறு. ஆனா ஒருத்தரைத்தான் தூக்குவேன்.”

நல்லாச்சி திரும்பிப் பார்த்தாள். தூக்கம் அவள் கையை இறுகப் பிடித்திருந்தது. “என்னை விட்டுட்டுப் போகாதே நல்லாச்சி” என்றது.

“நீ மெதுவா நடந்து வா. என் தம்பி சாகக் கிடக்கிறான், இப்ப எனக்கெதுக்குத் தூக்கம்?” என்று கையை உதறிவிட்டு ஏறிக்கொண்டாள். பாவி மகள், வேறென்ன செய்வாள்? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மறுநாள் காலையில் தம்பி வீட்டில் இருந்தாள். “வந்துட்டியாக்கா” என்று அவன் சிரித்தான். உச்சிவேளைக்கு உச்சிப்பூச் செடியருகே போய் உட்கார்ந்தாள். ஆனால் அங்கே நடுப்பகல் என்றால், தூக்கம் விடப்பட்ட ஊரில் அப்போதுதான் இருட்டி விளக்கணைத்திருந்தார்கள். அது பாதையோரம் படுத்தது. இவள் இங்கே சுருண்டு விழுந்தாள்.

தம்பி மனைவி அவள் முகத்தில் தண்ணீரை ஊற்றினாள். மிளகாயைக் கண்ணில் தேய்த்தாள். கண்ணீர் வந்ததே தவிர கண் திறக்கவில்லை.

“எந்திரிடி! மூடப் போறேன்டி!” என்று பூவும் கத்தியது.

“கொஞ்சம் பொறுத்துக்கோயேன்” என்று தம்பி மனைவி கெஞ்சினாள்.

“என் பொழுது என் கையிலயா இருக்கு? சூரியன் சொன்னா திறக்கணும், சொன்னா மூடணும்” என்று பூ அழுதது.

ஆறு நாளும் இதே கூத்து. தூக்கம் நடந்து நடந்து நெருங்க நெருங்க, அதற்கு முன்னதாகவே விடிந்ததால் அவள் விழிக்கும் நேரம் மட்டும் நாளுக்கு நாள் கொஞ்சம் முன்னே வந்தது. ஏழாம் நாள் அவள் கண் திறந்தபோது கடைசி இதழ் மூடிக்கொண்டிருந்தது. “தேன் கொடு” என்றாள். பூவுக்குக் காது கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் இருளப்பன் போய்விட்டான்.

எட்டாம் நாள் உச்சியில் நல்லாச்சி கொட்டக் கொட்ட விழித்திருந்தாள். பூ மலர்ந்து, “கேளு, தர்றேன்” என்றது. யாருக்காகக் கேட்பாள்?

பதினைந்தாம் நாள், கால் வெடித்துத் தூக்கம் வந்து சேர்ந்தது.

“இன்னும் வேகமா வந்திருக்கக் கூடாதா?” என்று நல்லாச்சி அதன் தோளில் அடித்தாள்.

“எனக்கு நடக்க மட்டும்தான் தெரியும். தினமும் காலை வெயிலைப் பார்த்துத்தான் வழி பிடிச்சேன். அதுக்கு மேல முடியலை” என்ற தூக்கம், “தம்பி எப்படியிருக்கான்?” என்று கேட்டது.

அன்று முதல்தான் தூர தேசத்துக்குப் பறந்து போகிறவர்களின் உடம்பு முதலில் போய்விடுகிறது. தூக்கம் பின்னாலேயே, காலை வெயிலைப் பிடித்துக்கொண்டு, நாளுக்குக் கொஞ்சமாக நடந்து வருகிறது. இன்று விமானத்தில் ஏறிப் போனாலும் அப்படித்தான். எல்லாம் முடிந்த வீட்டுக்குத்தான் அது வந்து சேர்கிறது.