பங்களாவைப் பார்த்த கூடை

துரையின் பங்களா ரேடியோ ஒரு வாரமாக டக் டக்கென்று இரைந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் சங்கக் கொட்டகை ரேடியோதான் காரணம் என்று அவர் முடிவு கட்டினார். துரைமார்கள் முடிவு கட்டிய பிறகுதான் விசாரிப்பார்கள்.

"இரைச்சல் எங்கேருந்து வருதுன்னு நாளைக்குள்ள காட்டுங்க. இல்லேன்னா உங்க ரேடியோ என் கிடங்குக்கு வந்துடும்."

கூலி உயர்வுப் பேச்சின் முடிவு அந்த ரேடியோவில்தான் வரவிருந்தது.

கொழுந்து பறிக்கும் வெள்ளத்தாய், ரேடியோ பழுது பார்த்த புருஷனிடம் கற்றபடி, தன் கூடையில் செம்புக் கம்பியைச் சுற்றிக் கொட்டகை ரேடியோவோடு இணைத்தாள். அதிலும் அதே இரைச்சல்தான். கூடையின் வாய் எந்தப் பக்கம் திரும்பும்போது இரைச்சல் அடங்குகிறதோ, அந்தப் பக்கம்தான் அது பிறக்கிறது. துரையும் தொழிலாளர்களும் பார்க்க, கொட்டகையில் திருப்பினாள், ஆற்றோரம் திருப்பினாள். இரண்டு இடத்திலும் பங்களாவைப் பார்த்தபோதுதான் அடங்கியது.

துரைக்கு முகம் சிவந்தது. "அதென்ன, என் வீட்டைப் பார்த்தா மட்டும் சத்தம் அடங்குது?"

"எஸ்டேட்டுக் கூடைதானே தொரை. பங்களாவைப் பார்த்தா இங்க யாருக்குத்தான் சத்தம் வருது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பங்களாவின் மின்வேலியில் ஈரச்செடி சாய்ந்து பொறி பறந்துகொண்டிருந்தது. வேலியை நிறுத்தியதும் இரண்டு ரேடியோக்களும் தெளிந்தன. கூலி உயர்ந்த செய்தியை எல்லோரும் கேட்டார்கள்.

மறுவாரம், திமிர்ப் பேச்சு பேசினாள் என்று வெள்ளத்தாயை வேலையிலிருந்து நீக்கினார் துரை. அவள் கூடையோடு பங்களா முன் நின்று நியாயம் கேட்டாள். அன்று சிரித்த அத்தனை பேரும், சிறைக்குப் போய்வந்த சங்கத் தலைவர்களும், அவள் பின்னால் நின்றார்கள்.

ஒருவருக்கும் சத்தம் வரவில்லை.